ஒரே விலாசம்

திரை உடைந்த லேப்டாப், பேட்டரியும் இல்லை.
லாமிங்டன் ரோட்டில் மூவாயிரத்து எண்ணூறு.
"இனி இது எதையும் காட்டாது" என்றான் விற்றவன்.
காட்ட வேண்டாம், விழித்திருந்தால் போதும்.
ஆன்டாப் ஹில், மூன்றாம் மாடி,
அரிசி டிரம்மின் தலைமேல் உட்கார வைத்தேன்,
காற்றுப் போக அடியில் இரண்டு தீப்பெட்டி.

அதற்குள் ஓர் உலகம் எழுந்தது.
புல், கல், பதினொரு கோழி,
முதல் இரவிலேயே நான் தொலைத்த ஒரு கோடரி.

உள்ளிருந்து எனக்குத் திறந்தது.
வெளியிலிருந்து ஒருவருக்கும் திறக்கவில்லை.
ஷார்ஜாவிலிருந்து செல்வின் தட்டினான்.
காட்பாடியிலிருந்து இஷ்ரத் தட்டினாள்.
சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது என்று
இருவரும் எழுதினார்கள், வேறு வேறு நேரத்தில்.

ரூட்டருக்குள் போய் வாசல் எண்ணைத் திறந்தேன்.
ஃபயர்வாலைக் கொஞ்சம் தூங்கச் சொன்னேன்.
மாற்றினேன், மாற்றியதை மாற்றினேன்,
எதை மாற்றினேன் என்பதை மறந்தேன்.
ஐந்தாம் நாள் புரிந்தது,
எனக்கென்று ஒரு விலாசமே கிடையாது.
கேபிள்காரர்கள் எங்கள் சந்து முழுவதையும்
ஒரே விலாசத்துக்குள் அடைத்திருக்கிறார்கள்.
வெளியே போகிறவனை யாரும் கேட்பதில்லை.
உள்ளே வருகிறவனுக்குத்தான்
எந்த வீடு என்று சொல்ல ஆளில்லை.
(ரேஷன் கார்டுக்கு அலைந்த வருஷம்
இதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.)

வடாலா ஸ்டேஷன் பக்கம் கேபிள் ஆபீஸ்.
சுஹாஸ் காவ்டே, காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.
தனி விலாசம் மாதம் இருநூறு என்றார்.
என்ன தந்தா?
தந்தா இல்லை, கோழி என்றேன்.
பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்,
'வீட்டு உபயோகம்' என்று எழுதிக்கொண்டார்.

விலாசம் வந்தது.
வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு
உலகம் செத்துப்போனது.
அடுத்த நாளும் ஏழு. அதற்கடுத்த நாள் ஏழு பத்து.
பதிவேட்டில் கடைசி வரி எப்போதும் பாதி,
பேசிக்கொண்டிருந்தவனின் வாயைப் பொத்தியதுபோல்.
மெமரி போதவில்லையோ, சூடோ,
கோழிகள் பெருகிவிட்டனவோ என்று
ஏழு கோழிகளை அழுதுகொண்டே வெட்டினேன்.

சனிக்கிழமை லீவு. ஏழுக்கு விழித்திருந்தேன்.
அண்ணி வந்தாள், பிளக்கைப் பிடுங்கினாள்,
மிக்ஸியைச் செருகினாள்.
தேங்காய், பொட்டுக்கடலை, இரண்டு சுற்று.
பிடுங்கியதைத் திரும்ப அதே இடத்தில் செருகினாள்,
ஒழுங்காக, ஒரு தட்டும் தட்டி.
"அப்படி என்னத்தத் தேடுற?"
"காரணத்த."
"தோசை ஆறிடும்."

நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

அன்று இரவு ஒன்றரை மணி.
பதிவேட்டில் ஒரு முழு வரி: ஒருவர் நுழைந்தார்.
செல்வின் இல்லை, இஷ்ரத் இல்லை.
பெயர் காவ்டே.
'லைன் செக்கிங். பையனோட ஐடி' என்று எழுதினார்.
லைன் செக் பண்ண ஒரு நிமிஷம் போதும்.
அவர் போகவில்லை.
இருந்த நாலு கோழிகளும் அவரைச் சுற்றிப் போயின.
சூரியன் சதுரமாக ஏறி இறங்கியது.
நானும் ஒன்றும் கேட்கவில்லை,
என் வீட்டுக்கு வந்த முதல் ஆள் அவர்.

பிறகு மண்வெட்டி எடுத்தார்.
என் சுவரிலிருந்து ஆற்றங்கரை வரை
நூல் பிடித்ததுபோல் ஒரு பள்ளம்,
கேபிள் புதைக்கிற ஆழம்.
கடைசியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.
பார்த்துவிட்டு
முனையிலிருந்து முனைவரை மண்ணைப் போட்டு மூடினார்.
தோண்டியதை மூடுகிற ஒருவரை
இந்த ஊரில் நான் பார்ப்பது அதுதான் முதல்முறை.
வெளியேறினார் என்று ஒரு வரி.

ஞாயிறு மத்தியானம் செல்வின் வந்து இறங்கினான்,
பாதி பாதியாக, காலுக்குப் பின்னால் தலை.
அந்தக் கோட்டில் இன்னும் புல் முளைக்கவில்லை.
"டேய், இங்க என்னத்தடா புதைச்சு வச்சிருக்க?"
"ஒண்ணுமில்ல" என்றேன்,
"மிதிக்காம வா."